நம் வீட்டு உலை

கும்மிடிப்பூண்டிக்காரரிடம் போய் உலையைப் பற்றிப் பேசுவது, திருநெல்வேலிக்காரரிடம் அல்வாவைப் பற்றிப் பேசுவதைப் போன்றது. இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் இருக்கின்றன. உருக்கியதைக் கம்பியாக இழுக்கும் உருட்டாலைகள் இருக்கின்றன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மொட்டை மாடியில் உலர்த்திய வேட்டியில் கறுப்புத் தூள் படிகிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'வீட்டு உலை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் எரியவேண்டும்?' என்று நான் கட்டுரை எழுதப் புறப்பட்டால், 'பாவம், மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது' என்றுதான் வாசகர்கள் நினைப்பார்கள். நம் வீட்டில் ஏது உலை? சோற்றுக்கு வைக்கிற உலை ஒன்று இருந்தது; அதையும் குக்கர் வந்து விழுங்கிவிட்டது.

இருக்கிறது ஐயா, இருக்கிறது. நான் சொல்லும் உலை நம் வீட்டில் எரிவதில்லை. நமக்காக வேறோர் இடத்தில் எரிகிறது. அது எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் என் மேல்மாடி நண்பரோடு எனக்கு நேர்ந்த வாக்குவாதத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நண்பர் ஓர் உருக்காலையில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர். காலை எட்டு மணிக்கு அவர் வேலைக்குப் போகிறார். அவர் மனைவி பள்ளிக்கூடத்து ஆசிரியை. குழந்தைகள் இருவரும் அம்மாவோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் பூட்டின வீட்டுக்குள்ளே ஏ.ஸி. மாத்திரம் 18 டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கும். போன வருஷம் கத்திரி வெயில் சமயத்தில் மாடிப்படியில் அவரை மடக்கிக் கேட்டுவிட்டேன்.

"என்ன சார், வீட்டில் ஈ காக்கை இல்லை. யாருக்காக ஓடுகிறது?"

அவர் சிரித்தார். "நீங்க கதை எழுதறவர் சார். உலையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எங்க உலையை ஒரு தடவை ஆறவிட்டா உள்ளே இருக்கிற பூச்சு விரிசல் விட்டுடும். அதை மறுபடி பழைய சூட்டுக்குக் கொண்டுவரணும்னா அதுக்கு ஆகிற கரண்ட்டு தனி. அதனாலே ஆறவே விடமாட்டோம். இதுவும் அதே கணக்குத்தான். அணைச்சு அணைச்சுப் போட்டாத்தான் பில் ஏறும்."

நான் கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். உலைக்கு முன்னால் இருபது வருஷம் நின்ற மனிதர் இப்படி அடித்துச் சொன்னால் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. மூடிக்கொண்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை.

என் கட்சி நேர் எதிர்க்கட்சி. என் அறையில் இருக்கும் ஒன்றரை டன் யந்திரத்தை நான் ஜட்கா வண்டிக் குதிரையை ஓட்டுவது போல ஓட்டுவேன். 16 டிகிரியில் வைத்து விரட்டுவது, பத்து நிமிஷத்தில் உடம்பு சில்லிட்டதும் அணைப்பது, வியர்த்ததும் மறுபடி போடுவது. இதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டியிருந்தேன். "என்னங்க, ஒரு பக்கமா வையுங்க, தூக்கமே கெடுது" என்று என் மனைவி சொன்னதை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

பிறகு புத்தகங்களைப் புரட்டியும், யந்திரம் பழுதுபார்க்க வந்த பையனைக் குடைந்தும் நான் தெரிந்துகொண்டது இது: மேல்மாடிக்காரர் செய்ததும் தப்பு, நான் செய்ததும் தப்பு.

அடியில் பொத்தல் விழுந்த குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய இருந்தால் வேகமாக ஒழுகும். குறையக் குறைய ஒழுக்கும் மெலியும். மாலையில் குளிக்க ஒரு குடம் தண்ணீர் வேண்டும் என்பதற்காகக் காலை முதல் அதில் ஊற்றிக்கொண்டே இருப்பவரை நாம் என்ன சொல்வோம்? வீட்டுக் குளுமையும் அந்தக் குடத்துத் தண்ணீர்தான். வெளியே 40 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்றால் சுவர் வழியாகவும் தளம் வழியாகவும் சூடு அடித்துக்கொண்டு உள்ளே வரும். அறை தானாகச் சூடேறி வெளியோடு நெருங்க நெருங்க அந்த வேகம் குறைந்துவிடும். ஆகவே ஆளில்லாத எட்டு மணி நேரத்துக்கு யந்திரத்தை நிறுத்திவிட்டு, வந்தபின் போட்டால், குளிர்விக்க அரைமணி கூடப் பிடிக்கலாம். ஆனால் மொத்தச் செலவு குறைவுதான். இரும்பு உலையின் கதை வேறு. அங்கே 1,500 டிகிரிக்கு மேலே வேலை. ஆறினால் உள்பூச்சு கெடும். அதற்காகத்தான் அதை ஆறவிடுவதில்லை. படுக்கையறைச் சுவருக்கு அந்த ஆபத்து ஏதும் கிடையாது. நண்பருக்கு உலை தெரியும், வீடு தெரியவில்லை.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். நிற்கும் யந்திரம் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை ஒரு கணம் இழுக்கிறது. அணைத்த உடனே மறுபடி போட்டால் உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் சமப்பட்டிருக்காது; அதனால்தான் பல யந்திரங்கள் மூன்று நிமிஷம் போல மௌனம் சாதித்துவிட்டுக் கிளம்புகின்றன. இதைவிட முக்கியமானது இன்னொன்று. கும்மிடிப்பூண்டி, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் பக்கத்து ஊர். நம்மைப் புழுக்குவது சூடு மாத்திரம் அல்ல, ஈரம். யந்திரம் ஒரே சீராக நெடுநேரம் ஓடினால்தான் அந்த ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியே வெளியே சொட்டவிடும். பத்து நிமிஷம் விரட்டி நிறுத்தினால் காற்று சில்லிடும். ஈரம் அப்படியே நிற்கும். சில்லிட்ட ஈரத்தில் உடம்பு நசநசக்கும். மனுஷன் மறுபடி 16ஐ அழுத்துவான்.

16ஐ அழுத்தினால் சீக்கிரம் குளிரும் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. பழைய மாதிரி யந்திரத்துக்கு ஒரே வேகம்தான். 16 என்றாலும் 26 என்றாலும் அதே வேகத்தில் இழுக்கும். எப்போது நிற்கவேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இன்வெர்ட்டர் மாதிரிகள் முதலில் முழு வேகத்தில் ஓடி, பிறகு நடையைத் தளர்த்திக்கொள்ளும். 16 என்று வைத்தால் தளர்த்திக்கொள்ளவே சந்தர்ப்பம் வராது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதற்கும் மின்சாரம் சுமார் 6 சதவீதம் மிச்சப்படும் என்று, நட்சத்திர முத்திரை வழங்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லிவருகிறது. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.ஸி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாரிக்கப்படவேண்டும் என்று விதியும் வந்தது. 24இல் தொடங்குகிறது, நாம்தான் ஆறு தடவை கீழ்நோக்கி அழுத்துகிறோம். 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், 20க்குக் கீழே வைக்கமுடியாதபடி விதி கொண்டுவரப் போவதாக அறிவித்தார். உடனே எழுந்த கூக்குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நம் ஜனங்கள் எதைச் சுதந்தரம் என்று நினைக்கிறார்கள் என்பது!

இந்தச் சுதந்தரப் போராட்டக்காரர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். குளிர் நாடுகளில் வீட்டுக்குக் கீழே நிலவறையில் நிஜமான உலையே உண்டு. குளிர்காலம் வந்தால் அதை எவ்வளவு நேரம் எரிப்பது என்பதுதான் அங்கே வீட்டுக்கு வீடு சண்டை. 1977 குளிர்காலம் அமெரிக்காவில் மிகக் கடுமையாக இருந்தது. வீடுகளைச் சூடேற்றும் எரிவாயு தட்டுப்பட்டது. பிப்ரவரி 2ஆம் தேதி, பதவியேற்று இரண்டு வாரமே ஆன ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், கோட்டைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சட்டையோடு கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைக்காட்சியில் ஜனங்களிடம் பேசினார். 'வீட்டு உலையைப் பகலில் 65 டிகிரிக்கும் இரவில் 55 டிகிரிக்கும் வையுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். அது பாரன்ஹீட் கணக்கு. நம் கணக்கில் பகலுக்கு 18, இரவுக்கு 13.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். வெளியே பனி பெய்யும் நாட்டில், எரிபொருளைக் கொட்டி வீட்டை 18 டிகிரிக்குச் சூடேற்றினால் போதும், மிச்சத்துக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். நாமோ கத்திரி வெயிலில், எரிபொருளைக் கொட்டி வீட்டை அதே 18 டிகிரிக்குக் குளிரவைத்து, மிச்சத்துக்குக் கம்பளி போர்த்திக்கொள்கிறோம்! அவர்களுடைய பஞ்சம் நமக்கு ஆடம்பரமாக இருக்கிறது.

இத்தனையையும் மேல்மாடி நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சார், நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். என் வீடு, என் மிஷின், பில்லு கட்டுறது என் காசு. இதிலே அடுத்தவனுக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

சரியான கேள்வி. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, மொட்டை மாடியிலிருந்து பறந்து போன ஒரு துண்டு அந்தப் பதிலைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்றடிச் சந்து. அதற்கப்பால் ஷீட் கூரை போட்ட வரிசை அறைகள். ஆலைகளில் வேலை செய்ய வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் அவற்றில் இருக்கிறார்கள். ஓர் அறைக்கு ஆறு பேர், ஏழு பேர். இரவு ஷிப்ட் போனவர்கள் பகலில் தூங்குவார்கள். எட்டு வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கும் நான், அந்தச் சந்துக்குள் துண்டைத் தேடித்தான் முதல் தடவையாகப் போனேன். மத்தியானம் மூன்று மணி.

உள்ளே நுழைந்ததும் முகத்தில் அறைந்தது சூடு. வெயிலின் சூடு அல்ல. சந்தில் வெயிலே விழாது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் இரண்டு விசிறிப் பெட்டிகள். மேலே இருந்தது நண்பருடையது. கீழே இருந்தது என்னுடையது. அன்று காலை ஏதோ எழுதிக்கொண்டிருந்த நான் யந்திரத்தைப் போட்டபடியே எழுந்து வந்திருந்தேன். இரண்டும் எதிர்த்தாற்போலிருந்த ஒரு ஜன்னலைப் பார்த்து அனலைக் கக்கிக்கொண்டிருந்தன. அந்த ஜன்னலை அட்டைப் பெட்டியைக் கிழித்து அடைத்திருந்தார்கள்.

வாசற்படியில் ஒரு பையன் நனைத்த துண்டை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வயசு இருக்கும். ஒடிஸாக்காரன். விழுந்த துண்டை எடுத்து மடித்து வைத்திருந்தான். எழுந்து மரியாதையாகக் கொடுத்தான். 'தூங்கவில்லையா?' என்று ஜாடையாகக் கேட்டேன். நம் தமிழ் அவனுக்குக் கொஞ்சம் வந்திருந்தது. சுவரைக் காட்டி, கோபமே இல்லாமல் கேட்டான்:

"அண்ணா, இந்த மிஷின் எப்போ நிக்கும்?"

எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்று நானும் நண்பரும் மாடிப்படியில் நின்று வாதாடினோமே, அதே கேள்விதான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் அது இப்படித்தான் இருக்கும்.

குளிர் யந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். புரிந்துகொண்டது அந்தச் சந்தில்தான். அது சூட்டைச் சுமக்கும் கூலி. என் அறையிலிருந்து எடுத்து அடுத்த வீட்டுக்காரன் தலையில் இறக்குகிறது. ஒரு டன் என்று நாம் சொல்லும் கணக்கே பனிக்கட்டியிலிருந்து வந்தது: 24 மணி நேரத்தில் ஒரு டன் பனிக்கட்டி உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அவ்வளவு. 1840களில் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்களே, அப்போது பனிக்கட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. கண்ணெதிரே உருகிற சரக்கானதால் அதன் அருமை தெரிந்தது. இப்போது உருகுவது நம் கண்ணில் படுவதில்லை. ஒன்றரை டன் யந்திரம் முழு மூச்சில் ஓடினால், அறையிலிருந்து இறைக்கும் சூடு 5 கிலோவாட்டுக்கு மேல். தான் தின்னும் மின்சாரமும் ஒன்றரை கிலோவாட் அளவில் சூடாகவே அதோடு சேர்கிறது. ஆயிரம் வாட் மின்னடுப்பு ஆறைச் சிவக்கச் சிவக்க எரியவிட்டு, அந்தப் பையனின் ஜன்னலில் வைத்ததற்குச் சமம். நண்பருடையதையும் சேர்த்தால் பன்னிரண்டு. அதில் ஆறு, பூட்டின வீட்டுக்காக!

அடுத்தவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார் நண்பர். இரவு முழுதும் உலைமுன் நிற்கிறவனின் பகல் தூக்கம் நஷ்டம். தூக்கக் கலக்கத்தோடு உலைமுன் நிற்பது எவ்வளவு அபாயம் என்பதை நான் அந்த மேற்பார்வையாளருக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி, முதலில் சொல்லாமல் வைத்த உலைக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் இடது பக்கத்து ஜன்னலோரம் உட்காருங்கள். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் எல்லாம் தாண்டினால் அத்திப்பட்டுப் பக்கம் உயர்ந்த புகைபோக்கிகள் தெரியும். 1994இல் மின்சாரம் தரத் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையம் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்று. அதுதான் ஐயா நம் வீட்டு உலை. அமெரிக்கக்காரனுக்கு அது நிலவறையில் இருக்கிறது. நமக்கு அத்திப்பட்டில் இருக்கிறது. காற்றாலை இல்லையா, கல்பாக்கம் இல்லையா, சூரிய மின்சாரம் இல்லையா என்று கேட்கலாம். எல்லாம் உண்டு, எல்லாம் ஒரே கம்பி வலையில் கலப்பதும் உண்மை. ஆனால் நாம் படுக்கப் போகும் நேரத்தில் சூரியன் நமக்கு முன்னாலேயே படுத்துவிடுகிறான். அப்போது நிலக்கரிதான் பெரும் பாரத்தைத் தாங்குகிறது.

எரித்த நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்றது வீணாகப் போகிறது. சாம்பல் வேறு. அந்தச் சாம்பல் நீர் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்து மீன்பாட்டைக் கெடுத்தது என்ற வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. நிலக்கரி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஒடிஸாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி வருகிறது. நிலக்கரியும் ஒடிஸா, பையனும் ஒடிஸா. ஒன்றை எரித்து நாம் குளிர்காய்கிறோம். அந்த அனலில் மற்றொன்று வேகிறது. 'உலை வைப்பது' என்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டாவது அர்த்தம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

இவ்வளவும் சொன்னால் இன்னொரு கூட்டம் உற்சாகமாகக் கை தட்டும். 'அப்படிச் சொல்லுங்கள்! நம் தாத்தா ஏ.ஸி.யிலா இருந்தார்? தூக்கி எறியுங்கள் யந்திரத்தை!' என்பார்கள். இவர்களுடைய கைதட்டல் எனக்கு வேண்டாம். தாத்தாவுக்குத் திண்ணை இருந்தது, தாழ்வாரம் இருந்தது, காற்று வரும் முற்றம் இருந்தது. நாம் காற்றுக்கு வழியில்லாத கான்கிரீட் பெட்டி கட்டிக்கொண்டோம். பகலெல்லாம் தளம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் நம் மேல் உமிழ்கிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. கைக்குழந்தைக்கும், நோயாளிக்கும், வயசான தாய்க்கும் அந்த யந்திரம் உயிர் காக்கும் மருந்து. மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கு ஓர் அளவு உண்டு என்கிறேன்.

அந்த அளவு என்ன? ஆள் இருக்கும்போது ஓடட்டும். ஆள் இல்லாதபோது நிற்கட்டும். ஓடும்போது அதை நிமிஷத்துக்கு ஒரு தடவை சீண்டாமல் 26இல் வைத்துவிட்டு, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். விசிறிக் காற்று உடம்பில் பட்டால் இரண்டு டிகிரி குறைந்தாற்போலவே இருக்கும். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசுங்கள். தெலங்கானா அரசு இதையே ஒரு கொள்கையாக 2023இல் கொண்டுவந்தது. இத்தனையும் செய்தபிறகும் யந்திரம் ஓய்வில்லாமல் ஓடினால் குற்றம் யந்திரத்தில் இல்லை, கூரையில் இருக்கிறது. கடைசியாக ஒன்று: விசிறிப் பெட்டி எந்த ஜன்னலைப் பார்த்து நிற்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் போய்ப் பார்த்தேன். பிறகு ஹவுஸ் ஓனரிடம் கெஞ்சி, என் செலவில் அந்தப் பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். குழாய் நீளமாயிற்று, பழுதுபார்க்கும் பையன் 'இதெல்லாம் தேவையா சார்?' என்று கேட்டான். மேல்மாடி நண்பரைச் சந்துக்கு அழைத்துப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அனல் வீசிய ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். உலையை அறிந்த மனிதர் அல்லவா? மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு சந்தில் சத்தம் இல்லை. ஆனால் அவருடைய பெட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரவு ஷிப்ட் இல்லாத பிள்ளைகள் இரவில் அதற்கெதிரேதான் படுக்கிறார்கள். அந்த வரிசை அறைகளின் ஷீட் கூரைக்கு யாரும் வெள்ளை பூசவில்லை. வாடகை வாங்குகிறவர்களிடம் நானும் நண்பரும் கேட்டாயிற்று. இந்தக் கோடையில் மறுபடி கேட்கப் போகிறோம்.

வீட்டு உலை எவ்வளவு நேரம் எரியவேண்டும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எனக்கு அந்தக் கணக்கு இனி அந்தப் பையன் கேட்ட கேள்விதான். ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது: "அண்ணா, இந்த மிஷின் எப்போ நிக்கும்?"